ரெட் ஸோனில் 100 சதவீதம் என்றால் எல்லாமே டச்டவுன் இல்லை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவர்களிடையே ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "ரெட் ஸோன் சதவீதம் என்பது டச்டவுன் கணக்கு, அதில் முன்னால் இருக்கும் அணிதான் ஜெயிக்கும்." இரண்டுமே தப்பு. (டச்டவுன் என்றால் பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குள் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி.)

ரெட் ஸோனுக்குள், அதாவது எதிரணியின் 20 யார்டு கோட்டுக்குள், போன வாய்ப்புகளில் எத்தனை முறை புள்ளி கிடைத்தது என்பதைத்தான் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. சதவீதமாகப் போடுகிறது, அதில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி ஃபீல்டு கோலும் சேர்த்தி. ஐந்து முறை உள்ளே போய் ஐந்திலும் ஃபீல்டு கோல் அடித்தால் 100 சதவீதம், ஆனால் கையில் 15 புள்ளிதான். இன்னொரு அணி மூன்று டச்டவுனும் அதற்குப் பின் உதைத்து எடுக்கும் தலா 1 கூடுதல் புள்ளியும் எடுத்துவிட்டு மீதி இரண்டைக் கோட்டைவிட்டால் வெறும் 60 சதவீதம், ஆனால் 21 புள்ளி! அப்புறம், எத்தனை முறை உள்ளே போனார்கள், தூரத்திலிருந்தே எத்தனை டச்டவுன் அடித்தார்கள் என்பதெல்லாம் இந்த எண்ணில் தெரியவே தெரியாது.

அதற்காக ரெட் ஸோன் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் கல்லூரி பிளேஆஃப் அரையிறுதியான காட்டன் பௌல் ஆட்டத்தில் 21-14 என்று பின்தங்கியிருந்த டெக்சஸ், ஓஹையோ ஸ்டேட்டின் 1 யார்டு கோடு வரை வந்துவிட்டது. அங்கிருந்து பின்னால் தள்ளப்பட்டு, கடைசி முயற்சியான நான்காவது டவுனில் ஓஹையோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். ஆட்டம் 28-14.

சந்தேகமிருந்தால் என்.சி.ஏ.ஏ. புள்ளிவிவரத் தளத்தில் ரெட் ஸோன் அட்டவணையைத் திறந்து பாருங்கள், டச்டவுனும் ஃபீல்டு கோலும் தனித்தனிப் பத்தியில் இருக்கும். அந்த ஃபார்வர்டை மட்டும் இனி யாருக்கும் தள்ளிவிடாதீர்கள், சரியா?