தாய் கிளாஸில் மெத்தட் சேர்த்தால் ஒன்றும் ஆகாதா?

"தாய் கிளாஸில் புது மெத்தட் சேர்ப்பதால் பிள்ளை கிளாஸ் எதுவும் உடையாது, பழையதைத் தொட்டால்தான் ஆபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணே (மெத்தட் என்பது கிளாஸுக்குள் பெயரிட்டு வைத்த ஒரு செயல்; தாயிடம் இருப்பதை வாரிசாகப் பெறுவது பிள்ளை கிளாஸ்). பாதிதான் சரி. ஜாவா நிரல்மொழியில் பிள்ளை கிளாஸில் ஏற்கெனவே அதே பெயரில், அதே பாராமீட்டரோடு (அது வாங்கும் உள்ளீடுகள்) ஒரு பப்ளிக் மெத்தட் இருந்தால், அது தானாகவே புதியதை ஓவர்ரைடு செய்துவிடும், அதாவது பிள்ளையைப் பொறுத்தவரை தாயின் மெத்தடுக்குப் பதில் அதுவே ஓடும்; ரிட்டர்ன் டைப்பும் (திருப்பித் தரும் மதிப்பின் வகை) ஒன்றாக இருந்தால், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் வாயே திறக்காது.

நான் பட்டிருக்கிறேன். தோவாளை பூச்சந்தையில் ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருள். பூ கிளாஸில் 'கழிவு' என்றால் வாடிப்போன எடை, கிலோவில். ஆறு மாதம் கழித்து அதன் தாயான சரக்கு கிளாஸில் தள்ளுபடி சதவீதத்துக்கும் நானே 'கழிவு' என்று பெயர் வைத்தேன் (சந்தையில் இரண்டுக்கும் அதே சொல்தானே, என்ன செய்ய). இரண்டும் திருப்பித் தருவது டபுள், அதாவது தசம எண். மொத்தத் தொகை போடும் நிரல் தாய் கிளாஸில் இருந்து அதைக் கூப்பிட, பிச்சிப்பூ 4 கிலோ வாடியிருந்தால் பில்லில் 4 சதவீதம் குறைந்தது! எர்ரர் எதுவும் வரவில்லை, கடைக்காரர் தன் நோட்டைப் பார்த்துத்தான் பிடித்தார்.

பிள்ளையின் மெத்தடுக்கு ஓவர்ரைடு குறிப்பு (இது தாயின் மெத்தடை ஓவர்ரைடு செய்கிறது என்று கம்பைலருக்குச் சொல்வது) போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதும் இங்கே எடுபடாது. பிள்ளையை எழுதியபோது ஓவர்ரைடு செய்யத் தாயில் எதுவுமே இல்லையே. சி ஷார்ப் என்ற மொழியில் நிலைமை வேறு: ஓவர்ரைடு என்று எழுதாவிட்டால் எச்சரிக்கை வரும், தாய்க்குள் இருந்து போகும் அழைப்பும் தாயின் மெத்தடுக்கே போகும்.

ஜாவாவில் தாயில் சேர்க்கும் மெத்தடுக்கு ஃபைனல் (இதை எந்தப் பிள்ளையும் ஓவர்ரைடு செய்யக்கூடாது என்ற தடை) போட்டுப் பாருங்கள். பெயர் எங்காவது மோதினால், மொத்தத்தையும் திரும்பக் கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும்.