கர்வ்வா, பசால்ட்டா: பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

டாடா கர்வ், சித்ரோன் பசால்ட் ஆகிய இரண்டு கார்களையும் ஒப்பிட்ட கட்டுரையைப் படித்தேன். தோற்றத்தில் கர்வ்தான் முந்துகிறது என்று கட்டுரையாளர் சொல்வது சரி. முன்பக்கம் முழுக்க ஓடும் விளக்குப் பட்டை, கதவோடு பதிந்த கைப்பிடி எல்லாம் அழகுதான். ஆனால் இரண்டு கார்களுமே கூரை பின்னால் சரியும் கூபே வடிவம். அந்தச் சரிவு முதலில் பறிப்பது பின்சீட்டுக்காரரின் தலைக்கு மேலுள்ள இடத்தை. ஷோரூமில் எல்லாரும் கர்வின் 12.3 அங்குலத் திரையையே தடவிப் பார்க்கிறார்கள். உயரமான ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள்.

சித்ரோன் பசால்ட்டின் உயர்ந்த வேரியன்டில் பின்சீட்டின் தொடைப்பகுதியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். நீண்ட பயணத்தில் அப்பா அம்மாவுக்கு அதுதான் சுகம். அதைக் கட்டுரை சொல்லவே இல்லையே! அப்புறம், சன்ரூஃப் (கூரையில் திறக்கும் கண்ணாடி) இல்லையென்று பசால்ட்டை ஒதுக்குகிறார்கள். நம்ம ஊர் வெயிலில் அதைத் திறக்கப்போவது எத்தனை நாள்? அந்தச் செலவைப் பின்சீட்டில் போட்டதே சரி என்பேன்.