"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் என் அப்பா 1991-இல் அரை ஏக்கர் நிலம் கிரையம் வாங்கினார். பத்திரம் பதிவானதோடு சரி, பட்டாவை மாற்றாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். சென்ற ஆண்டு நான் பட்டா மாறுதலுக்கு அலைந்தபோது, நிலத்தை விற்ற அம்மாளின் இறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. இறந்த தேதி எனக்கு நன்றாகத் தெரியும். பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தில், மனுவைப் படிக்கும் முன்பே கேள்வி வந்தது: "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" உறவில்லை, பக்கத்து நிலத்துக்காரன் என்றேன். "அப்படின்னா வாரிசுதாரரைக் கூட்டிட்டு வாங்க" என்று மஞ்சள் பையோடு சேர்த்து என் மனுவையும் என் பக்கமே நகர்த்தினார்.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இப்படிச் சொல்லவில்லை. அதன் 17-ஆவது பிரிவு, விதிகளுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டு, எவரும் பதிவேட்டைத் தேடச் சொல்லலாம், பதிவின் சான்றிட்ட நகலைப் பெறலாம் என்கிறது. 'எவரும்' என்ற சொல்லுக்குள் பக்கத்து நிலத்துக்காரனும் அடக்கம். ஒரே ஒரு திரையை மட்டும் அந்தப் பிரிவு போட்டிருக்கிறது: இறப்புக்கான காரணத்தை அந்த நகலில் காட்டக் கூடாது. தூக்கிட்டுக் கொண்டவரா, நோயில் போனவரா என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை, இறந்த செய்தி தெரியலாம் என்று அன்றைக்கே பிரித்துப் பார்த்திருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். பதிவு முடிந்ததும் இலவசமாகக் கொடுக்கும் முதல் நகல், தகவல் கொடுத்தவருக்கு உரியது. அது 12-ஆவது பிரிவு. வாரிசு யார் என்பதை விசாரித்து வட்டாட்சியர் தருவது முற்றிலும் வேறு சான்றிதழ். இவை இரண்டையும் 17-ஆவது பிரிவோடு போட்டுக் குழப்பித்தான் 'இரத்த உறவு இருந்தால் மட்டும்' என்ற எழுதாத விதி உருவாகியிருக்க வேண்டும். (நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஓசூரிலிருந்து ஆம்புலன்சில் ஏற்றிப் பெங்களூரு மருத்துவமனையில் உயிர் பிரிந்தால், பதிவு கர்நாடகத்தில்தான் நடக்கும், சொந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் நடையாய் நடந்தாலும் கிடைக்காது.)

அந்த அலுவலரின் பயத்தையும் நான் முழுவதுமாகத் தள்ளவில்லை. அடுத்தவர் சாவுச் சான்றிதழை வைத்துக்கொண்டு நிலத்தை வளைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் என் தயக்கம் இன்னும் அதிகம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அதுவே ஆதாரம். இவ்வளவு கனம் ஏறிவிட்ட ஒரு தாளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது சரிதானா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நெருங்கிய உறவினர் போன்ற குறிப்பிட்ட சிலருக்கே முழுச் சான்றிட்ட நகல்; மற்றவர்களுக்கு, அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அச்சிட்ட தகவல் நகல். அப்படி ஒரு வரம்பு இங்கும் வேண்டுமென்றால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ எழுதட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வாய்மொழியாக எழுதக் கூடாது.

மறுவாரம் புது மனுவோடு போனேன். 'இறந்தவருக்கு உறவுமுறை' என்ற இடத்தில் 'உறவில்லை. 17-ஆவது பிரிவின்படி கோருகிறேன்' என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார், உள்ளே எடுத்துப் போய் யாரிடமோ காட்டினார், திரும்பி வந்து தேடுதல் கட்டணத்துக்கு ரசீது போட்டார்.