தொழில் வரி வேலை உருவாக்கும் நிதியா?

"சம்பளத்தில் பிடிக்கிற தொழில் வரி, வேலையில்லாதவர்கள் தொழில் தொடங்கத்தான், நகராட்சியில் மனு கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பெயர்தான் ஏமாற்றுகிறது.

தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிகள் வசூலிக்கும் இந்த வரி, வேலை பார்ப்பவரின் வருமானத்தைப் பொறுத்தது. அரசமைப்பின் 276ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. 1988 வரை உச்சவரம்பு வெறும் 250. பணம் உள்ளாட்சியின் பொது நிதியில் சேர்ந்து குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் செலவாகிறது. தனிக் கணக்கு வேண்டுமென்றால் சட்டத்திலேயே சொல்லியிருப்பார்கள், சொத்து வரியோடு வாங்கும் நூலக வரிக்குச் சொன்ன மாதிரி.

தொழில் தொடங்க மானியக் கடன் கேட்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். அது மாநில, ஒன்றிய அரசுத் திட்டங்களின் பணம்.