ஈசானிய மூலையில் எருமை

(திருச்சியில் ஒரு தையல் கடை. அக்கா ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருக்கிறார். தம்பி மஞ்சள் பையோடு நுழைகிறார். பையில் பத்திர நகல். அதற்கடியில் அட்வான்ஸ் பணம்.)

தம்பி: அக்கா, வீடு விலை பேசி முடிந்துவிட்டது! நாலு மணிக்கு அட்வான்ஸ். நீ வந்து உன் கையால் கொடுக்க வேண்டும்.

அக்கா: இடத்தை அளந்தாயா?

தம்பி: வாஸ்து பார்த்தாகிவிட்டது. ஐயாயிரம் வாங்கினார். வடகிழக்கே, ஈசானிய மூலையில் கிணற்றைப் பார்த்ததும் அவரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அக்கா: அவர் கும்பிட்ட மூலை யாருடையது?

தம்பி: உனக்கு எப்போதும் சந்தேகம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

அக்கா: பத்திர ஆபீசில் பதிவானது மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டினால், பதிவு செய்துவிட்டா கட்டுவார்?

தம்பி: பாங்கிலிருந்து என்ஜினீயர் வந்து பார்த்தாரே!

அக்கா: எவ்வளவு நேரம்?

தம்பி: மோர் குடித்தார். நாலு போட்டோ எடுத்தார்.

அக்கா: மோர் வீட்டுக்காரருடையது, கடன் பாங்கினுடையது. நமக்காக யார் பார்த்தது? பத்திரத்தை எடு.

(கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார்.)

“புளியமரத்துக்கு மேற்கு, நடைபாதைக்கு வடக்கு… இதற்குள்பட்ட கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 58.” புளியமரம் எங்கே?

தம்பி: எப்போதோ வெட்டிவிட்டார்களாம்.

அக்கா: ஆக, கிழக்கு எல்லை அடுப்பெரிக்கப் போய்விட்டது.

தம்பி: தென்வடலை நானே அளந்துவிட்டேன் அக்கா! குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து, தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவர் வரைக்கும். மிகச் சரியாக 58!

அக்கா: செருப்போடா?

தம்பி: வெறுங்காலோடு. வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார்.

(அக்கா கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை உருவுகிறார். தம்பியின் காலை முக்காலிமேல் தூக்கி வைக்கச் சொல்லி, குதிகாலில் டேப்பின் பித்தளை நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இழுக்கிறார். சட்டைக்கென்றால் ஒரு விரல் தளர்வு விடுவார். இதற்கு விடவில்லை.)

அக்கா: பத்தரை அங்குலம்.

தம்பி: சின்ன வயதிலிருந்தே எனக்குக் கால் சின்னது.

அக்கா: ஜாதியடி ஒன்றுக்கு 12 அங்குலம். ஒரு பாதத்துக்கு ஒன்றரை குறைகிறது. 58 பாதத்துக்கு 87 அங்குலம். ஏழேகால் அடியைக் காணோம், தம்பி!

தம்பி: எங்கே போயிருக்கும்?

அக்கா: வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

தம்பி: மாட்டுக்கொட்டகை. இரண்டு எருமை.

அக்கா: உன் ஈசானிய மூலையில் இப்போது எருமை படுத்திருந்தாலும் இருக்கும். 30க்கு ஏழேகால், அரை சென்ட். சென்ட் என்ன விலை பேசினாய்?

தம்பி: பன்னிரண்டு லட்சம்.

அக்கா: ஆறு லட்சம் எருமைக்கு. போதாததற்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுவாய்.

தம்பி: ஆனால் கோயம்புத்தூர் பார்ட்டி ஒன்று நாளைக்கு வருகிறது என்று புரோக்கர் சொல்கிறாரே?

அக்கா: நீ பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பார்ட்டி வந்துகொண்டேதான் இருக்கிறது. இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தம்பி: சர்வேயர் என்றால் செலவாகுமே, அக்கா.

அக்கா: ஐயாயிரம் கொடுத்தபோது இந்தக் கணக்கு எங்கே போயிற்று? பட்டா வீட்டுக்காரர் பெயரில்தானே இருக்கிறது? அவரையே அளக்கச் சொல்லி மனுப் போடச் சொல். சர்வேயர் வந்து, புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை வைத்து அளந்து எல்லையைக் காட்டட்டும், கல் நடட்டும். அதற்குப் பிறகு அட்வான்ஸைப் பற்றிப் பேசலாம். மாட்டேன் என்றால், அந்த ஏழேகால் அடி எங்கே என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

தம்பி: (போனை எடுத்து, தயங்கி) நாளைக்கு அஷ்டமி. இடம் அளக்கலாமா என்று வாஸ்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா?

அக்கா: தாராளமாகக் கேள். அளக்கிற அன்று அவரையும் வரச் சொல். சர்வேயரின் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.