பல்லக் கடிச்சிக்கிட்டு பண்ற ஜெபம்

சர்ச்ல மன்னிப்பு பத்தி பிரசங்கம்னாலே எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சலா இருக்கும். சொல்றவருக்கு என்ன, சொல்லிட்டு சாப்பிடப் போயிடுவாரு. எங்கப்பாவ சொத்து விஷயத்துல ஏமாத்துன சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர் நம்பர் எட்டு வருஷமா என் போன்ல பிளாக்ல கெடக்கு. அப்படிப்பட்ட நான் ரெண்டு வாரமா கிம் ஃபுக் பத்தி தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன், தலைக்குள்ளயே ஓடுது, எழுதித் தொலைச்சாதான் அடங்கும்.

பேர் சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது, போட்டோ சொன்னா தெரியும். வியட்நாம் போர்ல துணியில்லாம கைய விரிச்சிக்கிட்டு அலறிட்டு ஓடி வர்ற சின்னப் பொண்ணு. 1972 ஜூன் 8, டிராங் பாங் கிராமம், வயசு 9. குண்டு போட்டது தெற்கு வியட்நாம் விமானம், அதாவது சொந்த நாட்டு ஆளுங்களே. அது நேபாம் குண்டு, உள்ள இருக்குற எரிபொருள் பசை மாதிரி உடம்புல ஒட்டிக்கிட்டு எரியும், தட்டி விட்டாலும் போகாது. போட்டிருந்த துணி எரிஞ்சு போச்சு, அதான் துணியில்ல. இது கூட தெரியாம இத்தன வருஷம் அந்தப் படத்த பாத்திருக்கேன். (படத்த எடுத்தது நிக் உட்ங்கற போட்டோகிராஃபரா, வேற ஆளான்னு 2025ல ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு, அது தனிக் கதை.)

14 மாசம் ஆஸ்பத்திரி, 17 ஆபரேஷன். பொழச்சு வந்து டாக்டருக்குப் படிக்கலாம்னு போனா, போருக்கு அப்புறம் வந்த கம்யூனிஸ்ட் அரசாங்கம் படிப்ப நிறுத்திட்டு பிரச்சாரத்துக்கு இழுத்துக்கிட்டு போகுது, வர்ற வெளிநாட்டு நிருபர்கிட்ட எல்லாம் காயத்தக் காட்டணும். எனக்கு குண்ட விட இதுதான் ஜாஸ்தி கோவம் வந்துச்சு. அவங்களுக்கும் அந்த சமயத்துல எல்லார் மேலயும் வெறுப்புதான், செத்துடலாம்னு கூட இருந்திருக்காங்க. வியட்நாம்லயே உருவான காவோ தாய்ங்கற மதத்துல வளந்தவங்க, 1982ல சைகோன் லைப்ரரில ஒரு புதிய ஏற்பாடு கைக்கு வருது, அந்த வருஷ கிறிஸ்மஸ்ல விசுவாசத்துக்கு வர்றாங்க.

இங்கதான் நம்மாளுங்க சாட்சி சொல்லும்போது ஒரு ஜம்ப் அடிப்பாங்க. வேதம் படிச்சாங்க, மன்னிச்சிட்டாங்க, அல்லேலூயா. அப்படி நடக்கல. சத்துருக்காக ஜெபம் பண்ணுன்னு படிச்சதும் அது எப்படி முடியும்னு அவங்களுக்கே தோணிருக்கு. முடியலன்னாலும் பண்ணிருக்காங்க, திரும்பத் திரும்ப. பண்ணப் பண்ண மனசு கொஞ்சம் கொஞ்சமா இளகுச்சுன்னு அவங்களே சொல்றாங்க. இயேசு மன்னிக்கச் சொன்ன ஏழெழுபது தரம்னா ஏதோ பெரிய எண்ணிக்கைன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஒரே ஆள ஒரே தப்புக்கு அத்தன தடவ மன்னிக்க வேண்டி வரும்போலன்னு இப்பதான் உறைக்குது.

1996ல வாஷிங்டன்ல வியட்நாம் வீரர்கள் நினைவிடத்துல போய் பேசுறாங்க. குண்டு போட்ட பைலட்ட நேர்ல பாத்தா, நடந்தத நம்மால மாத்த முடியாது, இனிமே சமாதானத்துக்கு நல்லது செய்வோம்னு சொல்லுவேன்னு. எதிர்ல உக்காந்து கேட்டது அந்தப் போருக்குப் போய் வந்த ஆளுங்க.

ஆனா வலி போகல பாருங்க. 2015ல, குண்டு விழுந்து 43 வருஷம் கழிச்சு, மயாமில தழும்புக்கு லேசர் வைத்தியம் ஆரம்பிக்கிறாங்க. மனசு ஆறிடுச்சு, தோல் ஆறல. அதனால "அவங்களே மன்னிச்சிட்டாங்க, உனக்கென்ன"ன்னு அடிபட்ட யார்கிட்டயும் இந்தக் கதைய தூக்கிட்டுப் போய் நிக்காதீங்க ப்ளீஸ். அது அவங்களா பண்ணது, யாரும் பிடிச்சுத் தள்ளல.

என் விஷயம்? நேத்து ராத்திரி அந்த நம்பர எடுத்துப் பாத்தேன், அன்பிளாக் பண்ணல. ஜெபத்துல பேர் மட்டும் சொன்னேன், அதுவும் பல்லக் கடிச்சிக்கிட்டு. பக்கத்துல இருந்த எங்கம்மா கண்ணத் தொறந்து ஒரு பார்வ பாத்தாங்க, ஒண்ணும் கேக்கல.