முதலில் ஐஸ் தண்ணீர், அப்புறம் மற்றதெல்லாம்

வெயிலில் வேலை செய்து, ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பெயிண்டர் அண்ணன் விஷயம் உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாற்பது நிமிடம் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்களே, அதற்குள் யாராவது அவர் மேல் ஒரு வாளி ஐஸ் தண்ணீர் ஊற்றியிருக்கக் கூடாதா?

ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆள் உளறுவார், வலிப்பு வரும், நினைவு தப்பும். அதற்கு முதல் மருந்து குளிர்ச்சிதான். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைக்க வைக்கலாம். தாமதித்தால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது, ஏனென்றால் இது காய்ச்சலே இல்லை. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரையும் நம்ப முடியாது, ஆசனவாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எத்தனை அவசரப் பிரிவில் அந்தத் தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது?

"டாக்டர்களைக் குறை சொல்லாதே" என்று வருவீர்கள். சரி, தூக்கமில்லாமல் நிற்கிற டூட்டி டாக்டரை நான் சொல்லவே இல்லை. கத்திரி வெயிலுக்கு முன்பே ஐஸும், ஆளை அதில் முக்கத் தொட்டியும் வாங்கி வைப்பது அவர் வேலையா?

"அதற்கெல்லாம் காசு?" டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024இல் இதற்கென்றே தனிப் பிரிவு திறந்தார்கள், தொட்டியும் ஐஸ் மெஷினுமாக. அது முடியாதா, ஒரு தார்ப்பாய் போதும். நான்கு பேர் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஆளைக் கிடத்தி, ஐஸ் தண்ணீர் ஊற்றி அலசலாம். மீன் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் பாளம் பாளமாக ஐஸ் வந்து இறங்குகிற ஊர் இது.

"அந்தக் காலத்தில் வெயிலில் வேலை செய்யவில்லையா?" இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உயிரோடு வந்து சேருகிறவருக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறோம்?

என் சித்தப்பாவும் வேலூரில் வெயிலில் செங்கல் இறக்கும்போது இப்படித்தான் விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். உளறிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அங்கே கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருக்காரா?" சித்தி முந்தானையை நனைத்து அவர் நெஞ்சில் போட்டாள். "தரையெல்லாம் ஈரமாகுது, எடும்மா" என்றார்கள். அந்த இடத்தில் சரியான வைத்தியம் பார்த்தது அவள் ஒருத்திதான். அதையும் எடுக்கச் சொன்னார்கள்.

சித்தப்பா பிழைத்துவிட்டார். ஆனால் கை கால் அசைவைச் சீராக வைக்கிற சிறுமூளை அந்தச் சூட்டில் கெட்டுவிட்டது. டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது, நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். தெருமுனையில் அவரைப் பார்க்கிற புது ஆட்கள் இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.